கண்ணாடியை மேலே திருப்பினால் இண்டிகேட்டர் அணைகிறதா?

பிக்கப்பில் ஹீட்டரும் எல்இடி இண்டிகேட்டரும் உள்ள சைடு மிரர் மாட்டியபின் வந்த தொல்லை இது. இண்டிகேட்டர் ஒழுங்காகத்தான் சிமிட்டும். கண்ணாடியை மேலே திருப்பும்போது மட்டும் அணைந்துவிடும். கீழே இறக்கினால் ஒன்றும் ஆகாது.

ஃபிளாஷர் ரிலே (இண்டிகேட்டரைச் சிமிட்டவைப்பது) மாற்றினேன், லோடு ரெசிஸ்டர் (எல்இடி குறைவாக இழுக்கும் கரண்டை ஈடுகட்டுவது) போட்டேன், பலனில்லை. (ரெசிஸ்டர் நன்றாகச் சூடாகும், கதவின் உள்பக்க மூடியான டோர் பேடில் படக்கூடாது.)

மிரருக்குப் போகும் கருப்பு வயரில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே மிரர் சுவிட்சை மேலே அழுத்தியபோதுதான் பிடிபட்டது: 12 வோல்ட்! மிரர் கிட்டோடு வந்த வரைபடம் எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் நெகட்டிவ்) என்று காட்டிய அது, உண்மையில் கண்ணாடியைத் திருப்பும் மோட்டார்களின் பொது வயர். திருப்பும் திசைக்கேற்ப அதன் துருவம் (பாசிட்டிவ், நெகட்டிவ்) மாறும். மேலே அழுத்தும்போது அது பாசிட்டிவ் ஆகிவிடுவதால், இண்டிகேட்டரின் இரு முனையிலும் 12 வோல்ட் வந்து அணைந்துவிடுகிறது. சுவிட்சைத் தொடாதவரை எர்த்தோடு சேர்ந்தே இருப்பதால் சாதாரணச் சோதனையில் சிக்காது.

இண்டிகேட்டர், ஹீட்டர் இரண்டின் எர்த்தையும் அதிலிருந்து பிரித்து, 1.5 சதுர மிமீ வயரில் சேர்த்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவே வயர்கள் போகும் ரப்பர் உறை (பூட்) வழியாக உள்ளே கொண்டுபோய், பெயிண்டைச் சுரண்டிய பாடி போல்ட்டில் இறுக்கினேன். அந்த உறைக்குள் வயர் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். விறைப்பாக இழுத்தால் கதவைத் திறந்து மூடியே அறுந்துவிடும். ஹீட்டருக்கு இக்னிஷன் ஆனில் மட்டும் இயங்கும் ரிலேயும் 10 ஆம்ப் ஃபியூஸும் தனி. இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் இண்டிகேட்டர் சிமிட்டுகிறது.