ஆறுதல் தரும் ஃபோக் பாட்டுகள்: தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பெரிய கம்பெனிகளைச் சாராத நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளான இண்டி ஃபோக், அமெரிக்க நாட்டுப்புற மரபிலிருந்து வளர்ந்த அமெரிக்கானா என்று தேடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். எங்கோ ஒரு பாட்டு காதில் விழுந்திருக்கும். ஒரு கிடார், ஒரு குரல், பின்னால் லேசாக ஒரு ஃபிடில். அன்றைக்கு இருந்த மனநிலைக்கு அது அவ்வளவு இதமாக இருந்திருக்கும். இது மாதிரி இன்னும் நாலு பாட்டு கிடைக்காதா என்று செயலியைத் திறந்து, 'அமைதியான ஃபோக்' என்றோ 'மழை நாள் பாட்டுகள்' என்றோ தேடுவார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

மனநிலையின் பெயரில் தொகுத்த பிளேலிஸ்ட்டுகள் பின்னணியில் ஓடுவதற்கென்றே அடுக்கப்பட்டவை. யாரும் பாதியில் தாண்டிப் போய்விடக்கூடாது, அதுதான் அங்கே தகுதி. அதனால் எல்லாம் ஒரே வேகம், ஒரே மாதிரி முணுமுணுப்பு. இரண்டு மணி நேரம் ஓடி முடிந்த பிறகும் பாடியவர்களில் ஒருவர் பெயர்கூட நினைவில் இருக்காது. பெயர் தெரியாவிட்டால் அடுத்த நல்ல பாட்டுக்கு வழி கிடையாது. இந்த இசையில் வழி எப்போதும் ஆட்கள் மூலமாகத்தான் போகிறது: யார் எழுதியது, கூட வாசித்தவர் யார், அவர் யாரிடம் கற்றுக்கொண்டார்.

ஓர் ஆல்பத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் இருவரும் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருந்துகொண்டு பல காலமாகச் சேர்ந்து பாடுகிறவர்கள். 2020 மார்ச்சில் அந்த ஊரைச் சூறாவளி தாக்கியபோது அவர்களுடைய உட்லேண்ட் ஸ்டுடியோவின் கூரை பிய்ந்து போனது. ஒலிநாடாக்களையும் கருவிகளையும் இருட்டிலும் மழையிலும் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்தக் களேபரம் அடங்குவதற்குள் ஊரடங்கு. வீட்டிலேயே உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்து, ஜூலையில் 'ஆல் த குட் டைம்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். அத்தனையும் மற்றவர்கள் எழுதிய பாட்டுகள், பழைய நாட்டுப்பாடல்கள். மெருகேற்றும் வேலை எதுவும் இல்லை. பக்கத்து அறையில் இரண்டு பேர் தங்களுக்காகவே பாடிக்கொள்வது போல இருக்கும். 2021இல் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குத்தான் போனது.

பிளேலிஸ்ட்டில் இதிலிருந்து ஒரு பாட்டு வந்து போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆல்பத்தின் பாடல் பட்டியலில் எழுதியவர் பெயர்களைப் படித்தால் அப்படி முடியாது. ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் எலிசபெத் காட்டன் என்று இருக்கும். வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களின் கிடாரைத் தந்திகூட மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ்ஸ்தாயியையும் வாசித்தார். சிறுமியாக இருந்தபோது கற்றதைப் பல பத்தாண்டுகள் மறந்திருந்து, இசைக்கலைஞர்களான சீகர் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்தபோது மறுபடி கையில் எடுத்தார். முதல் ஆல்பம் 1958இல் வந்தது, அப்போது அவருக்கு 65 வயது. அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். விரல்களின் சீரான நடையே மனத்தைச் சமன் செய்துவிடும்.

இன்னொரு பாட்டுக்குப் பக்கத்தில் ஜான் பிரைன். சிகாகோ அருகே தபால்காரராக வேலை பார்த்தவர். வயதானவர்களின் தனிமையைப் பற்றி இருபதுகளிலேயே எழுதிய பாட்டு அது, 1971இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் அவர் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து வந்த ஆல்பத்தில் அதே பாட்டை வெல்ச்சும் ராலிங்ஸும் பாடுவதைக் கேட்கும்போது நெஞ்சு கனக்கும். அப்புறம் பிரைனின் மூலப்பதிவுக்குப் போகாமல் இருக்க முடியாது.

இதோடு சேர்ந்த தவறு, புதிய பாட்டு என்றால் இந்த ஆண்டு வந்ததாக இருக்க வேண்டும் என்று நினைப்பது. இங்கிலாந்தின் வாஷ்டி பன்யன் 1970இல் வெளியிட்ட ஆல்பத்தை அன்றைக்கு யாரும் சீந்தவில்லை, அவரும் இசையை விட்டே போய்விட்டார். 2000இல் அது மறுவெளியீடு கண்டபோது, இளைய ஃபோக் பாடகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2005இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. நீங்கள் இதுவரை கேட்காத எதுவும் உங்களுக்குப் புதுசுதான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்தது. ஆறுதல் வேண்டும் என்பதற்காகச் சோகப் பாட்டுகளை ஒதுக்கிவிடுகிறார்கள். சுஃப்யன் ஸ்டீவன்ஸின் 'கேரி அண்ட் லோவெல்' 2015இல் வந்தது. சின்ன வயதிலேயே தன்னை விட்டுப் போன தாய் 2012இல் இறந்த பிறகு எழுதியவை அந்தப் பாட்டுகள். மன்னிப்பு, கோபம், ஏக்கம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். குரலோ கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. கேட்டு முடித்தவுடன் சந்தோஷம் வராது. ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்கள் எவ்வளவு அரிது? இந்த ஆல்பம் அதைச் செய்கிறது. ஜேசன் இஸ்பெல் குடியை நிறுத்திய பிறகு 2013இல் தந்த 'சவுத்ஈஸ்டர்ன்' ஆல்பமும் இதே ரகம். சிரித்த முகமாக இருக்கும் பாட்டு சிரமமான நாளில் எரிச்சலைத்தான் கிளப்பும்.

இந்தப் பாட்டுகளில் பாதி பலம் வரிகளில் இருக்கிறது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் உச்சரிப்பு நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. ஒரு முறையாவது வரிகளைத் திரையில் வைத்துப் படித்துக்கொண்டே கேளுங்கள்.

அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வதும் கூடாது. அயர்ன் அண்ட் வைன் என்ற பெயரில் பாடும் சாம் பீமின் 2002 ஆல்பம் வீட்டில் நான்கு டிராக் கருவியில் பதிவானது. முதலில் டேப்பின் இரைச்சல்தான் கேட்கும், அவர் குரல் காதுக்கு எட்ட நேரமாகும். பேருந்தில், கடைத்தெருவில் கேட்டால் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். 2008இல் டெக்சாஸில் ஒரு விழாவில் லாரா கிப்சன் என்ற ஃபோக் பாடகி பாடியது கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவே இல்லை. அங்கிருந்த என்பிஆர் என்ற அமெரிக்கப் பொது வானொலிக்காரர்கள், எங்கள் மேசைக்கே வந்து பாடுங்கள் என்று அவரை அழைத்தார்கள். இணையத்தில் பார்க்கக் கிடைக்கும் டைனி டெஸ்க் கச்சேரிகள் அப்படித்தான் தொடங்கின. ஒரு பாடகரை முதன்முதலாகக் கேட்க இன்றைக்கும் அது நல்ல இடம்.

தாடி வைத்த வெள்ளைக்கார ஆண்தான் இந்த இசையின் முகம் என்று எண்ணி அங்கேயே நின்றுவிடுவதும் பெரிய இழப்பு. இந்த இசையில் அடிக்கடி கேட்கும் பாஞ்சோ என்ற தந்திக் கருவியின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பாடகியும் பாஞ்சோ கலைஞருமான ரியானன் கிடென்ஸ் அதை விடாமல் சொல்லியும் வாசித்தும் காட்டி வருகிறார். ஜோ தாம்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரிடம் நேரில் கற்றவர். அவரும் அலிசன் ரஸல், அமிதிஸ்ட் கியா, லேலா மக்கல்லா ஆகியோரும் சேர்ந்து 2019இல் ஓர் ஆல்பம் தந்தார்கள். அந்த நால்வரின் தனி ஆல்பங்களைத் தேடிப் போனாலே பல மாதங்களுக்குப் போதும்.

மனம் உடைந்திருக்கும் நேரத்தில் தேட உட்காராதீர்கள். அப்போது எதைக் கேட்டாலும் பிடிக்காது, நல்ல ஆல்பத்தையும் தள்ளிவிடுவோம். தெம்பாக இருக்கும் நாளில் தேடிச் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் சரி. அதற்கு, பாடகர்களிடமிருந்தே ஆல்பம் வாங்கக்கூடிய பேண்ட்கேம்ப் இணையதளம் வசதியானது. உங்களுக்குப் பிடித்த ஆல்பத்தின் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் தெரியும். உங்கள் ரசனையோடு இரண்டு மூன்று ஆல்பங்களிலாவது ஒத்துப்போகிற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவருடைய சேகரிப்பில் நீங்கள் கேள்விப்படாத பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஓர் ஆல்பமாக முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்டுப் பாருங்கள். பிடித்துப்போனால் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத பாடகருக்கு அந்தப் பணம்தான் அடுத்த ஆல்பத்துக்கான முதலீடு.