மெயிலில் குரல் பதிவு அனுப்பக் கணினியைத் தயார் செய்ய

மைக் வேலை செய்யவில்லை என்றால் முதலில் ஹெட்செட்டின் பின்னை (கணினியில் செருகும் முனையை) பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது மொபைல் ஹெட்செட். டெஸ்க்டாப்பின் பிங்க் துளையில் அதை நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் மைக் எடுக்காது. மைக், ஸ்பீக்கர் என்று இரண்டாகப் பிரியும் ஒய் ஸ்ப்ளிட்டர் வேண்டும். யுஎஸ்பி ஹெட்செட் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் இன்புட்டில் சரியான மைக்கைத் தேர்ந்தெடுங்கள். வெப்கேமில் உள்ள மைக் தேர்வாகியிருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பிரைவசி பகுதியில் டெஸ்க்டாப் ஆப்களுக்கு மைக் அனுமதி 'ஆன்' ஆக இருக்க வேண்டும்.

பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாக வையுங்கள். 'ப', 'ஃப' சொல்லும்போது காற்று அடிக்காது. ஆடாசிட்டியில் குரலின் அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பேசுங்கள். 0-வைத் தொட்டால் குரல் கரகரக்கும், பிறகு சரிசெய்வது கஷ்டம்.

சேமிக்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 5 நிமிடப் பேச்சு மோனோ (ஒற்றைச் சேனல்) வேவ் ஃபைலாக, அதாவது சுருக்கப்படாத ஒலிக்கோப்பாக இருந்தால் சுமார் 26 எம்பி. ஜிமெயிலின் வரம்பு 25. அதிலும் இணைப்பு மெயிலுக்காக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு கூடுவதால் 18 எம்பிக்குள் நிற்பது நல்லது. அதே பேச்சை மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3-ஆக எக்ஸ்போர்ட் செய்தால் இரண்டரை எம்பிதான். ஆடாசிட்டி தன் வேலையைச் சேமிக்கும் ஏயுபி3 புராஜெக்ட் ஃபைலை அப்படியே அனுப்பாதீர்கள்; ஆடாசிட்டி இல்லாதவர்களால் திறக்க முடியாது.