அலபாமாவில் புரோபேட் நீதிபதி தேர்தல்: வாக்காளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 67 கவுண்டிகள் (மாவட்டம் போன்றவை). ஒவ்வொன்றிலும் உயில், வாரிசுச் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் புரோபேட் நீதிபதியை 6 ஆண்டுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிபர் தேர்தலோடு சேர்ந்து வரும்போது இந்தப் பெயரை யார் கவனிக்கிறார்கள்?

நீதிமன்றம் நடத்துபவர் எப்படியும் சட்டம் படித்திருப்பார் என்று நம்பிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஜெபர்சன், மொபைல் போன்ற சில கவுண்டிகளில்தான் வக்கீலாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. மற்ற பல இடங்களில் சட்டப் பட்டமே தேவையில்லை. வக்கீல் அல்லாதவர் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. அதே அலுவலகத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர் புது வக்கீலைவிட நன்றாகவே நடத்தலாம். ஆனால் மனநோயாளி ஒருவரை அவர் சம்மதமின்றி மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிடுவதும், தள்ளாத முதியவரின் சொத்தைக் கவனிக்க ஆள் நியமிப்பதும் இவர் கையில்தான். அந்தப் பொறுப்புக்கு இவர் சரியாக வருவாரா என்பதை வாக்காளர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உயில் எழுதாதவருக்கு இவரால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கவுண்டியின் தலைமைத் தேர்தல் அதிகாரியே இவர்தான். பெரும்பாலான இடங்களில் நிலப் பத்திரம் பதிவாவதும் இவர் அலுவலகத்தில்தான். 2019 முதல் அலபாமாவில் திருமண உரிமம் கிடையாது. தம்பதி நிரப்பித் தரும் படிவத்தை இங்கேதான் பதிவு செய்கிறார்கள்.

அப்புறம், நவம்பர் பொதுத் தேர்தல் வரை காத்திருப்பதும் ஒரு தவறு. இது கட்சி சார்பான தேர்தல். ஒரு கட்சியின் கை ஓங்கிய கவுண்டியில், முதல்நிலைத் தேர்தலில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஜெயித்தவருக்கு நவம்பரில் எதிராளியே இல்லாமல் போகலாம். முதல்நிலையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்று உண்டு. முதல் சுற்றில் ஒரு கட்சிக்குப் போட்டுவிட்டு இரண்டாவதில் மறு கட்சிக்குத் தாவ முடியாது. 2017இல் வந்த சட்டம் அதைத் தடுத்துவிட்டது. நவம்பரில் வாக்குச்சீட்டில் கட்சிக்கான ஒரே வட்டத்தை நிரப்பினால், பெயரைப் படிக்காமலேயே இந்தப் பதவிக்கும் வாக்கு போய்விடும். வசதிதான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை.

வயது விதியையும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பொதுவாக 70 வயது ஆனவர் தேர்வாக முடியாது. 69 வயதில் ஜெயித்தவர் முழுப் பதவிக்காலமும் இருக்கலாம். நடுவில் பதவி காலியானால் ஆளுநர் ஒருவரை நியமிப்பார். அதனால் இப்போது பதவியில் இருப்பவர் ஏற்கெனவே மக்கள் வாக்கில் ஜெயித்தவர்தான் என்று எண்ணிவிட வேண்டாம்.