மரத்தடிச் சருகில் யார் யார்? பாட்டில் புனல் வைத்து மண் கணுக்காலிகளை எண்ணும் முறை

வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி, சவுக்கு. சென்னையில் இந்த நான்கில் இரண்டு மரங்களாவது அருகருகே நிற்கும் இடம் கிடைத்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம். புங்க இலை சீக்கிரம் மக்கும்; சவுக்கு ஊசி மெத்தைபோல அப்படியே கிடக்கும். சருகு மாறினால் அதில் வாழும் கணுக்காலிக் கூட்டமும் (மூட்டுள்ள கால்கள் கொண்ட பூச்சி, சிலந்தி, பூரான் போன்றவை) மாறும். எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

இடம் பற்றி முதலில் ஒன்று. கிண்டி தேசியப் பூங்காவிலிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம். கல்லூரி வளாகம், மாநகராட்சிப் பூங்கா போன்ற இடங்களில் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். தினமும் பெருக்கித் தள்ளும் பூங்காவில் பெரிதாக எதுவும் கிடைக்காது. வேலியோரம் யாரும் தொடாத சருகுதான் நமக்கு வேண்டும். மழை பெய்து சில நாட்கள் கழித்துப் போவது நல்லது. ஏப்ரல், மே வெயிலில் பெரும்பாலானவை ஆழத்துக்கு இறங்கிவிடும்.

படி 1: சருகு எடுத்தல்

அட்டையில் 25 செ.மீ. சதுரச் சட்டம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். தண்டுக்கும் கிளை நுனிக்கும் நடுவே அதை வைத்து, உள்ளே இருக்கும் சருகையும் அடியில் உள்ள கருப்பு மக்கையும் சேர்த்து அள்ளுங்கள். கையுறை, சிறு கரண்டி கட்டாயம். தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கும். எல்லா மரத்தடியிலும் ஒரே தூரத்தில், ஒரே அளவுச் சட்டத்தால் எடுக்க வேண்டும். இதில் கோட்டைவிட்டால் ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை. துணிப்பையில் போட்டு, மரத்தின் பெயர், தேதி எழுதிய சீட்டையும் உள்ளே வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும். வெயில் படாமல் கொண்டுவந்து அன்றைக்கே புனலில் ஏற்றிவிடுங்கள்.

படி 2: புனல்

இத்தாலியப் பூச்சியியலாளர் பெர்லீஸ் 1905-இல் வெந்நீரால் சூடேற்றிய புனலைப் பயன்படுத்தினார். சுவீடனின் துல்கிரென் 1918-இல் அதற்குப் பதில் மின்விளக்கை வைத்தார். நாம் செய்வதும் அதுதான். சருகு மேலிருந்து காயக் காய, ஈரத்தைத் தேடி உயிர்கள் கீழே இறங்கும். கடைசியில் புனல் வழியே விழும்.

2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றி, மீதிப் பாட்டிலில் தலைகீழாகச் செருகுங்கள். புனலுக்குள் 2 முதல் 3 மி.மீ. கண் உள்ள வலை. மாவு சல்லடை வேண்டாம், மரவட்டை அதில் நுழையாது. வலைமேல் சருகைத் தளர்வாகப் பரப்புங்கள். அழுத்தினால் வழி அடைபடும்.

மேலே 25 வாட் குண்டு பல்பு, சருகிலிருந்து ஒரு சாண் உயரத்தில். எல்.இ.டி. பல்பு போதிய சூடு தராது. சீக்கிரம் முடியட்டும் என்று பல்பைத் தாழ்த்தாதீர்கள்: மெதுவாக நகரும் மைட்டுகள் (உண்ணிக்கு உறவான மிகச் சிறிய உயிர்கள்) வழியிலேயே காய்ந்து செத்துவிடும், சருகு தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆள் இல்லாதபோது அணைத்துவிடுங்கள். பல்பே இல்லாமல் ஒரு வாரம் காயவிட்டாலும் ஓரளவு விழும்.

விழும் உயிர்கள் கெடாமல் இருக்க அடியில் பலர் எரிசாராயம் (ஆல்கஹால்) வைப்பார்கள். அது எளிதில் பற்றிக்கொள்ளும், மேலே சூடான பல்பு வேறு. ஆகவே புதியவர்களுக்கு ஈர டிஷ்யூ பேப்பர்தான் என் பரிந்துரை. உயிரோடு பார்த்தால் நடையை வைத்தே பாதி அடையாளம் கண்டுவிடலாம். ஆனால் காலை, மாலை இரு வேளையும் எடுத்து எண்ணிவிட வேண்டும். விட்டால் எறும்பும் போலித்தேளும் (தேள்போல இடுக்கியுள்ள, வாலில்லாத சிறு உயிர்) மற்றவற்றைத் தின்று கணக்கை மாற்றிவிடும். மூன்று நான்கு நாட்களில் விழுவது குறைந்துவிடும்.

படி 3: கால்களை எண்ணுங்கள்

வெள்ளைத் தட்டு, 10 மடங்கு கைலென்ஸ். இனப்பெயர் தெரிய வேண்டியதில்லை.

ஆறு கால், தொட்டால் துள்ளினால் ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் கவையை விடுவித்துத்தான் துள்ளுகிறது. மேல்சருகில் வாழ்பவற்றுக்கு நிறமும் நீண்ட உணர்கொம்பும் இருக்கும். மண்ணுக்குள்ளேயே வாழ்பவை பெரும்பாலும் வெளுத்தவை, சிலவற்றுக்குக் கண்ணே கிடையாது, துள்ளவும் துள்ளாது. இரண்டு வகையும் கிடைத்தால் அந்த மரத்தடியில் மேல்சருகு, அடிமக்கு இரண்டும் நன்றாக இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

எட்டுக் கால், இடுப்பு ஒடுங்காத உருண்டை உடல் என்றால் மைட். மழைக்குப் பின் வரும் சிவப்புத் தம்பலப்பூச்சி இதன் பெரிய உறவினர். எட்டுக் காலோடு முன்னால் இடுக்கியும் இருந்து, வால் இல்லையென்றால் போலித்தேள், சில மி.மீ. தான், மனிதரைக் கொட்டாது. உடலின் ஒவ்வொரு கண்டத்துக்கும் (வளையம் போன்ற பகுதிக்கும்) ஒரு ஜோடிக் கால் என்றால் பூரான், பெரும்பாலான கண்டங்களில் இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. ஏழு ஜோடிக் கால்களோடு தட்டையாக ஓடினால் ஐசோபாட். இறால், நண்டுக்குச் சொந்தம். ஈரம் குறைந்தால் முதலில் காணாமல் போகும். சிலந்தி, எறும்பு, கரையான், வண்டுப்புழுவை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

படி 4: ஒப்பிடுதல்

ஓர் அட்டவணை போடுங்கள்: மரத்துக்கு ஒரு பத்தி, உயிர் வகைக்கு ஒரு வரிசை. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நூறில் தொண்ணூற்றைந்து எறும்பாக இருக்கும் மரத்தடியைவிட, ஐந்தாறு வகைகள் ஓரளவு சமமாக இருக்கும் மரத்தடிதான் உயிர்வகைப் பன்மையில் மேல். சருகில் எறும்புப் புற்றோ கரையான் கூட்டமோ சிக்கியிருந்தால் அவற்றைத் தனியாகக் குறித்து, அவை இல்லாமல் ஒருமுறை, சேர்த்து ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

ஒரு மர இனத்துக்கு ஒரு சட்டச் சருகு போதாது. அதே இன மரங்களில் மூன்றின் அடியிலாவது எடுத்தால்தான் வித்தியாசம் மரத்தாலா, அந்த இடத்து ஈரத்தாலா என்று பேச முடியும். சருகின் ஆழத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து அதே அட்டவணையில் எழுதிவிடுங்கள். எண்ணி முடித்ததும் உயிர்களையும் காய்ந்த சருகையும் எடுத்த மரத்தடியிலேயே கொட்டிவிடுங்கள். ஐசோபாட்டுகளை மட்டும் ஈரமான இடமாகப் பார்த்து விடுங்கள்.