பிரிட்டிஷ் உளவு நாவலைக் காதால் படிப்பது எப்படி?

ஒலிப்புத்தகத்துக்குப் புதியவர் என்றால் மிக் ஹெரானின் ‘ஸ்லோ ஹார்சஸ்’ (2010) கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்வோம். வேலையில் சொதப்பிய எம்.ஐ.5 (பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறை) ஆட்களை லண்டனில், பார்பிகன் ரயில் நிலையம் பக்கம் ஒரு அழுக்குக் கட்டடத்தில் ஒதுக்கிவைக்கிறார்கள். ‘ஸ்லோ ஹார்ஸ்’, அதாவது மந்தக் குதிரை என்று கிண்டலாக அழைக்கப்படும் அவர்களின் கதை இது.

படி 1: வாங்கும் முன் மாதிரியைக் கேளுங்கள். கதையை விடுங்கள், குரல் பிடிக்கிறதா என்று பாருங்கள். மணிக்கணக்கில் காதுக்குள் இருக்கப்போவது அதுதான்.

படி 2: வேகத்தை 0.9 ஆக்குங்கள். லண்டன் உச்சரிப்பு பழகியதும் ஏற்றிக்கொள்ளலாம்.

படி 3: முதல் அத்தியாயத்தின்போது வேறு வேலை வேண்டாம். கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ரிவர் கார்ட்ரைட் என்ற எம்.ஐ.5 இளைஞன் ஒருவனைத் துரத்துகிறான். அந்த ஆளின் சட்டை என்ன நிறம், உள்ளே போட்ட டீ-ஷர்ட் என்ன நிறம் என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். நிறங்கள் நழுவிவிட்டன. ரிவருக்கு ஏன் தண்டனை என்றே புரியாமல் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று.

படி 4: கதையில் வரும் குழூஉக்குறிகளைக் குறித்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். ‘பார்க்’ என்றால் கதையில் வரும் எம்.ஐ.5 தலைமையகம், ரீஜன்ட்ஸ் பார்க்கில் இருப்பதாகக் கற்பனை. நிஜத்தில் அது தேம்ஸ் கரையில், தேம்ஸ் ஹவுஸில் இருக்கிறது. ‘ஜோ’ என்பது களத்தில் இறங்கும் உளவாளி. ‘டாக்ஸ்’ சொந்த ஆட்களையே பிடிக்கும் உள்பாதுகாப்புப் பிரிவு. அப்புறம், அந்த அழுக்குக் கட்டடத்தின் பெயர் ‘ஸ்லவ் ஹவுஸ்’. அது லண்டனுக்கு வெளியே இருக்கும் ஸ்லவ் என்ற ஊரில் இல்லை. அங்கே அனுப்பப்பட்டவன் அந்த ஊருக்கே துரத்தப்பட்ட மாதிரி என்று கிண்டல். ஆங்கில எழுத்தை (Slough) பார்த்தால் நாம் ‘ஸ்லஃப்’ என்றுதான் படிப்போம். காதில் விழுந்தால்தான் ஸ்லவ் ஹவுஸ், ஸ்லோ ஹார்ஸ் ஆன சிலேடை பிடிபடும்.

படி 5: ஹெரான் ஒரே அத்தியாயத்துக்குள் ஆள்விட்டு ஆள் தாவுவார். அச்சில் அங்கே ஒரு வெற்று வரி இருக்கும். ஒலியில் ஒரு மூச்சு இடைவெளிதான். ‘அவன்’ திடீரென்று வேறு ‘அவன்’ ஆகிவிட்டால் 30 விநாடி பின்னால் போங்கள்.

படுக்கையில் கேட்பதானால் ஸ்லீப் டைமரை 15 நிமிடத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் யாரோ செத்துப்போயிருப்பார்கள், எப்படி என்று உங்களுக்குத் தெரியாது.