தோட்டத்து அப்பாயியிடம் காமன் கூத்துக் கதை கேட்பது எப்படி

1977, 1983 இனக் கலவரங்களுக்குப் பிறகு இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் வந்தவர்கள் இருக்கிறார்கள். மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து அவர்களுடையது. அந்தக் கதை கேட்கப் போனால் எடுத்த எடுப்பில் போனை நீட்டாதீர்கள். வெற்றிலை, பாக்கோடு போங்கள். எங்கள் தெரு அப்பாயிக்கு (பாட்டிக்கு) வாய் சிவந்த பிறகுதான் பேச்சே வரும்.

"கதை சொல்லுங்க" என்றால் "எனக்கென்ன தெரியும்" என்பார். "மாசியில காமன் கம்பம் ஊன்றினா ரதி வேசம் யாரு கட்டுவா?" என்று கேட்டுப் பாருங்கள், தப்புப் பறையின் சத்தத்தை வாயாலேயே அடிக்கத் தொடங்கிவிடுவார். சிவன் மன்மதனை எரித்ததும் ரதி புலம்புவாள். அந்த இடத்தில் குறுக்கே பேசவே கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவில் அதன் இரைச்சல்தான் கேட்கும். புழுக்கம்தான், என்ன செய்வது! நம்மூர் வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் பெருமையெல்லாம் அப்புறம் பேசலாம். தோட்டத்தின் பெயரை அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள்.