நுகர்வு ஆய்வையும் தொழிலாளர் ஆய்வையும் இணைப்பது எப்படி?

இந்தியக் குடும்பங்களின் வருவாயையும் செலவையும் ஒரே கோப்பில் வைத்து ஆராய விரும்புவோருக்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் இரண்டு ஆய்வுகள் பயன்படும். 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு, 2,61,746 குடும்பங்களின் செலவைப் பண்டவாரியாகத் தருகிறது. கூலியும் சம்பளமும் அதில் இல்லை. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரையிலான காலமுறைத் தொழிலாளர் ஆய்வில் ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்களின் உழைப்பு வருவாய் உண்டு. செலவுக்கோ மேலோட்டமான மாதத் தொகைதான் கிடைக்கும். ஒரே குடும்பம் இரண்டிலும் இருந்தாலும் அதை அடையாளம் காண வழியில்லை என்பதால், ஒத்த குடும்பங்களை இணைசேர்க்கும் புள்ளியியல் பொருத்தத்தை நாட வேண்டியிருக்கிறது.

சிறிய கோப்பாகிய தொழிலாளர் ஆய்வைப் பெறுநராகவும் (செலவு விவரத்தைப் பெறும் கோப்பு), பெரிய நுகர்வு ஆய்வைக் கொடையாளராகவும் (அதைத் தரும் கோப்பு) கொள்ளுங்கள். மாற்றிக் கொண்டால் ஒரே கொடையாளர் பல முறை திரும்பத் திரும்ப வந்து, பரவலைக் கெடுத்துவிடுவார். அந்தத் தொழிலாளர் ஆய்வில் நகர்ப்புறத்தில் ஒரே குடும்பத்திடம் பல முறை விவரம் திரட்டப்பட்டதால், முதல் வருகைப் பதிவுகளை மட்டும் எடுங்கள்.

அடுத்து வருவது பொது மாறிகளை, அதாவது இரு ஆய்வுகளிலும் உள்ள விவரங்களை, சீராக்கும் வேலை. முழு உழைப்பில் பாதியை இதற்கே ஒதுக்கலாம் என்பது என் கருத்து. மாநிலம், ஊரகம் அல்லது நகரம், குடும்ப வகை (முதன்மை வாழ்வாதாரம்), சமூகப் பிரிவு, குடும்பத்தில் உள்ளோர் எண்ணிக்கை, குடும்பத் தலைவரின் வயது, கல்வி ஆகியவற்றின் குறியீடுகளை இரு கோப்புகளிலும் ஒன்றாக்கி, எடையிட்ட பரவல்களை (எடை என்பது ஒரு மாதிரிக் குடும்பம் எத்தனைக் குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்பதைக் காட்டும் எண்) ஒப்பிடுங்கள். இரு பரவல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை 0 முதல் 1 வரை அளக்கும் ஹெலிங்கர் தொலைவு 0.05-ஐத் தாண்டும் மாறியைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும் என்பது பலர் கைக்கொள்ளும் அளவுகோல். மாதச் செலவுத் தொகை இரண்டிலும் இருந்தாலும், தொழிலாளர் ஆய்வில் அது சில கேள்விகளில் வந்தது, நுகர்வு ஆய்வில் நீண்ட வினாப்பட்டியலில் கூட்டி வந்தது. ஆகவே ரூபாயை நேரடியாக ஒப்பிடாமல், மாநிலத்துக்குள் ஊரகம், நகரம் எனப் பிரித்து, செலவில் குடும்பத்தின் தரவரிசையை மாறியாக்குங்கள்.

இந்தத் தரவரிசையை விட்டுவிட்டால் என்னாகும்? ஊரக பீகாரில் ஐந்து பேர் கொண்ட இரண்டு தினக்கூலிக் குடும்பங்களின் தலைவர்களுக்கு வயதும் கல்வியும் ஒன்றே, ஆனால் ஒன்றின் மாத வருவாய் 9,000 ரூபாய், மற்றதின் வருவாய் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொது மாறிகள் இவர்களைப் பிரித்தறியாததால் இருவருக்கும் ஒரே மாதிரியான கொடையாளர்களே அமைவார்கள். வருவாய் கூடும்போது செலவு எப்படி மாறுகிறது என்ற உறவு உண்மையைவிட மிகவும் தளர்ந்து தெரியும். பொது மாறிகள் தெரிந்தபின் வருவாயும் செலவும் ஒன்றையொன்று சாராதவை என்று இம்முறை மறைமுகமாகக் கொள்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஓக்னர் வரிக் கோப்பையும் குடும்ப ஆய்வையும் இணைத்ததை 1972-இல் வெளியிட்டபோது, மற்றொரு பொருளியலாளரான கிறிஸ்டோபர் சிம்ஸ் எழுப்பிய ஆட்சேபம் இதுவே. அது இன்றும் செல்லும்.

பொருத்தும் வேலை எளிது. மாநிலம், ஊரகம் அல்லது நகரம், குடும்ப வகை மூன்றும் ஒத்துப்போகும் வகுப்புக்குள் மட்டும் தேடி, மற்ற மாறிகளில் கோவர் தொலைவு (எண்களும் வகைகளும் கலந்த விவரங்களில் இரு குடும்பங்களின் வேறுபாட்டை அளப்பது) மிகக் குறைந்த சில கொடையாளர்களுள் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுங்கள். புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியின் ஸ்டாட்மேட்ச் (StatMatch) தொகுப்பில் இதற்கான கட்டளைகள் உள்ளன. மதிப்பீடுகளுக்குப் பெறுநர் கோப்பின் எடைகளையே பயன்படுத்துங்கள்.

முடிவைச் சரிபார்க்கையில், கொடையாக வந்த உணவுச் செலவின் பரவல் மூலக் கோப்போடு ஒத்துப்போவதைக் கண்டு நிறைவடைந்துவிடக் கூடாது. அது செலவு மட்டும் சரியாக வந்திருப்பதைக் காட்டுமே தவிர, வருவாயோடு அதன் உறவைக் காட்டாது. ஒரு வகுப்பில் 40 சதவீதக் குடும்பங்கள் குறைந்த வருவாய் உடையவை, 30 சதவீதம் பெரும் மருத்துவச் செலவு செய்பவை என்றால், இரண்டும் சேர்ந்தவை 12 சதவீதம் என்று சார்பின்மை அனுமானம் சொல்லும். தரவு அனுமதிப்பதோ, இரு குழுக்களும் சற்றும் கலக்காத 0 முதல், ஒன்று மற்றதற்குள் முழுதாக அடங்கும் 30 சதவீதம் வரை. இந்த எல்லைகளைக் கணக்கிட்டு, மதிப்பீட்டோடு அட்டவணையில் சேர்த்தே வெளியிடுங்கள். எல்லை இவ்வளவு அகலமாக இருக்கும் கேள்விக்கு இணைத்த கோப்பிலிருந்து விடை சொல்ல முற்படாதீர்கள்.